எட்டாவது ஆணி

ரேஸ் லாயத்தில் என்னை ‘எட்டாணி பாய்’ என்று சொன்னால்தான் தெரியும். காசிம் என்று கேட்டால் ஊட்டி மார்க்கெட்டில் நாலு காசிமைக் காட்டுவார்கள். ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து, சென்ற சீசனில் பழைய இடத்தை எட்டிப் பார்க்கப் போனேன். புதிதாகச் சேர்ந்த லாடக்காரர்கள் இரண்டு பேர் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். டீ வந்தபோதே எனக்குச் சந்தேகம். பாதி குடிப்பதற்குள் கேட்டுவிட்டார்கள்: “ஏனுங்க பாய், எட்டாணின்னு எதுக்குப் பேரு வந்துச்சு?”

இனிமேல் குதிரைகளைப் போட்டோ பிடித்துப் புத்தகத்தில் ஒட்டப் போகிறார்களாம். காய்ச்சின இரும்பால் குளம்பில் நம்பர் சுடும் வேலை இந்த வருடத்தோடு முடிந்ததாம். அப்படியானால் சொல்லலாம். இதில் சம்பந்தப்பட்ட துரைமார்கள் கப்பலேறிப் போய் வெகு காலம் ஆகிறது. என்னைப் பிடித்து ஜெயிலில் போட இனி யாருக்கும் அவசரம் இருக்காது.

என் அத்தா பெங்களூரில் குதிரைப்படைக்கு லாடம் அடித்தவர். அவரிடம் ஆறு வருடம் துருத்தி ஊதினேன், இரண்டு வருடம் அடி வாங்கினேன், பிறகு சுத்தி பிடித்தேன். அதற்கு மேல் என் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வயதில் ஊட்டி லாயத்துக்கு வந்தேன். வந்த இரண்டாம் நாளே குதிரை டாக்டர் துரையின் கண்ணில் பட்டேன்.

பட்டாளத்தில் குதிரை டாக்டராக இருந்தவர் அவர். உயரம், ஒல்லி, ஒரு காது கொஞ்சம் மந்தம். யாரையும் நம்பமாட்டார். கொள்ளுப் பயற்றை மோந்து பார்த்துத்தான் குதிரைக்குப் போட விடுவார். தன் டீயைக்கூடக் கண்முன் ஊற்றினால்தான் குடிப்பார். யார் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: “நீ பாத்தியா? கேட்டியா?” கேட்டேன் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பார்த்தேன் என்றால் அடுத்த கேள்வி: “எத்தனை?” எத்தனை மூட்டை, எத்தனை பல், எத்தனை ஆணி. “எண்ணு, காசிம், எண்ணு” என்பது அவர் சுத்தமாகப் பேசிய தமிழ். என் சந்தேகப் புத்திக்குப் பாதிக் காரணம் அவர். மீதி என் பிறவிக் குணம் என்பாள் என் மனைவி.

லாடத்துக்கு ஏழு ஆணி என்பது துரையின் சட்டம். வெளிப்பக்கம் நாலு, உள்பக்கம் மூன்று. உள்பக்கச் சுவர் மெல்லியது, அங்கே ஓர் ஆணி கூடினாலும் குளம்பு வெடிக்கும் என்பார். பந்தயத்தன்று கனமான லாடத்தைக் கழற்றிவிட்டு லேசான லாடம் அடிப்போம். அதற்கும் ஏழுதான். குதிரைக்காரர்கள் அன்றைக்குக் குளம்பின் அடியில் யாருக்கும் தெரியாமல் திருநீறு பூசி வைத்திருப்பார்கள். காலைத் தூக்கிப் பார்க்கிற எனக்கு மட்டும் தெரியும். நான் ஊதித் துடைத்துவிட்டு அடிப்பேன், அவர்கள் மறுபடி பூசிக்கொள்வார்கள். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

ஓடுகிற காலத்தில் குதிரைக்கு ராஜ உபசாரம். ஓட்டம் நின்றதும் படி இறங்க ஆரம்பிக்கும். முதலில் ஏதாவதொரு தோட்டத் துரை சவாரிக்கு வாங்குவார். பிறகு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கைக்குப் போகும். அதற்கப்புறம் ஜட்கா வண்டி. ஜட்காவுக்குப் போன குதிரையைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. அதனால் சில துரைமார்கள், ஊருக்குக் கப்பலேறும்போது தங்கள் குதிரையைத் துப்பாக்கியால் சுட்டுவிடச் சொல்வார்கள். அது இரக்கம் என்பது அவர்கள் கட்சி. நம் ஆட்கள் சிலர் சுட்டதாகச் சொல்லிவிட்டு ஜட்காக்காரனுக்குத் தள்ளிவிடுவார்கள். ஒருமுறை ஒரு துரைசாணி, தான் கறுப்பு உடுத்தித் துக்கம் காத்த அதே குதிரை சேரிங் கிராஸ் முக்கில் வெங்காய மூட்டை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்து நடுரோட்டில் மயங்கி விழுந்தாள்.

அன்றிலிருந்து டாக்டர் துரை ஒரு முறை கொண்டுவந்தார். பட்டாளத்து வழக்கம்தான் அது. ஒவ்வொரு குதிரைக்கும் வலது முன்குளம்பில் நம்பர் சுட வேண்டும். குளம்பு வளர வளர நம்பர் கீழே இறங்கித் தேய்ந்துவிடும், ஆறு மாதத்துக்கொருமுறை புதிதாகச் சுட வேண்டும். குதிரையைக் கொல்ல உத்தரவானால், கொன்றபின் அந்தக் குளம்பை வெட்டி ஆபீசுக்குக் கொண்டுவர வேண்டும். லாடக்காரன் அதைப் பார்த்து, ‘இது இன்ன குதிரையின் குளம்பு, எனக்குத் தெரியும்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் பேரேட்டில் அந்தப் பெயரை அடிப்பார்கள். நம்பர் சுடும் இரும்புகள் இருந்த பெட்டியை என்னிடம் கொடுத்தார். சாவி பன்னிரண்டு வருடம் என் அரைஞாண் கயிற்றில் கிடந்தது. துரை நம்பிக் கொடுத்த ஒரே பொருள் அந்த லாயத்தில் அதுதான். எனக்கு அதில் அப்படி ஒரு திமிர்.

நாற்பத்தொன்றாம் நம்பர் ஒரு பெட்டை. செவலை, கால் நாலும் கறுப்பு. பந்தயப் புத்தகத்தில் மிஸ் ஹார்மனி, லாயத்தில் அம்மணி. குன்னூர்ப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவருக்குச் சொந்தம். இரண்டு சீசன் பெரிய கோப்பையை வாங்கிக் கொடுத்தாள். அவளைப் பார்த்துக்கொண்டவன் சின்னராசு. அதிகம் வாய் திறக்காதவன், அதனாலேயே எனக்கு அவன்மேல் எப்போதும் ஒரு கண். அம்மணிக்கு ஒரு பழக்கம் உண்டு. மற்றக் குதிரைகளுக்குக் காலைத் தட்டி, பிடித்து, கெஞ்சித் தூக்க வேண்டும். இவள் நான் பக்கத்தில் போய்க் குனிந்தாலே வலது காலைத் தானாகத் தூக்கிக் கொடுப்பாள்.

ஒன்பது வயதில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அந்த வருடமே துரை தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்குப் புறப்பட்டார். அவளைச் சுடுவதென்று முடிவாயிற்று. குளம்பைப் பதப்படுத்தி, வெள்ளி மூடி போட்டு மைக்கூடாக்கித் தர வேண்டும் என்று துரைசாணி கேட்டிருந்தாள். அவர்கள் வீடுகளில் அது வழக்கம். தன் குதிரையைத் தானே சுடுவேன் என்று தோட்டத் துரை சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை சின்னராசு அவளைக் கூடலூர் ரோட்டுப் புல்வெளிக்கு நடத்திக்கொண்டு போனான். துரை காரில் பின்னால் போனார்.

திங்கட்கிழமை சின்னராசு சாக்கில் சுற்றிய குளம்பை டாக்டர் துரையின் ஆபீஸ் மேசைமேல் வைத்தான். எட்டு வருடம் அவள் பக்கத்திலேயே படுத்தவன் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. வைத்த கையோடு மூன்று நாள் லீவு கேட்டான், நடுவட்டத்தில் மச்சான் வீட்டுக்குப் போகணுமாம். எனக்கு அங்கேயே உறுத்தியது.

நான் குளம்பை எடுத்துத் திருப்பினேன். கறுப்புக் குளம்பு, சரியான அளவு, நாற்பத்தொன்று என்று சூடும் இருந்தது. லாடத்தைக் கழற்றியிருந்தார்கள், ஆணி போன தடம் மட்டும் இருந்தது. எண்ணினேன்.

எட்டு.

மறுபடி எண்ணினேன். வெளியே நாலு, உள்ளேயும் நாலு. முதலில் என் கை இடுப்புச் சாவிக்குத்தான் போனது. குளம்பு வேறு குதிரையுடையது என்பதுகூட அப்புறம்தான். நம்பர் சுடும் இரும்பு என் பெட்டியில், சாவி என் இடுப்பில். பொய்க் குளம்பில் நிஜ நம்பர் இருந்தால் துரை முதலில் யாரைப் பிடிப்பார்?

“என்ன காசிம்?” என்றார் துரை.

“நம்பர் தெளிவா இல்லீங்க சார். வெந்நீர்ல ஊறப்போட்டு, எலும்பு எடுத்து, சுத்தம் பண்ணினாத்தான் சொல்ல முடியும்.”

“வியாழக்கிழமை” என்றார்.

பட்டறைக்கு எடுத்துப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வெளிச்சத்தில் பார்த்தேன். என் நாலாம் நம்பர் இரும்பில் ஒரு ஓரம் உடைந்திருக்கும். நான் சுடும் நாலில் எல்லாம் அந்த மூளி விழும். இந்த நாலில் மூளி இல்லை. அல்லாவே என்று மூச்சு விட்டேன். இது என் இரும்பில்லை என்று எந்த நேரமும் நிரூபிக்கலாம். நான் தப்பித்தேன், இனி அகப்பட வேண்டியவன் அகப்படட்டும் என்று அப்போது நினைத்ததை மறைக்கப் போவதில்லை.

ஆணி அடித்து வெளியே வரும் முனையை மடக்கித் தட்டுவோம். அந்த மடிப்பைப் பார்த்தால் எந்த லாடக்காரன் கை என்று எனக்குத் தெரியும். ஆணியைப் பிடுங்கிய பிறகும் குளம்பில் பதிந்திருந்த மடிப்புத் தடங்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. ஊட்டியில் இடது கையால் சுத்தி பிடிப்பவர் ஒருத்தர்தான், ஜட்கா ஸ்டாண்டு மொய்தீன். கல்ரோட்டில் வழுக்கும் என்று எட்டு ஆணி அடிப்பவரும் அவர்தான். செவ்வாய்க்கிழமை அவர் கடைக்குப் போனேன்.

“வாங்க பாய்! ரேஸ்காரருக்கு எங்க ஸ்டாண்டுல என்ன சோலி?”

“போன வாரம் ஏதாச்சும் குதிரை செத்துச்சா?”

“சாகாத வாரம் ஏதுங்க? சனிக்கிழமை ஸ்டேஷன் ஏத்தத்துல ஒண்ணு விழுந்துருச்சு. செவலை, கறுப்புக் காலு. ஒரு காலத்துல உங்க லாயத்துல தின்னு கொழுத்ததுதான். மறந்துட்டீங்களா?”

மறந்துதான் போயிருந்தேன். முன்னொரு காலத்தில் அதற்கும் நான் ஏழாணி அடித்திருக்கிறேன்.

“அதோட காலை யாரு வாங்கிட்டுப் போனது?”

மொய்தீன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “போலீசு வேலையும் பாக்கறீங்களா? உங்க சின்னராசுதான். வைத்தியத்துக்குன்னான். குதிரைக் கால்ல என்ன வைத்தியம்னு நானும் கேக்கல.”

புதன்கிழமை கூடலூர் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் மனசுக்குள் அவனைத் திட்டிக்கொண்டே போனேன். நல்ல விலைக்குத் தள்ளியிருப்பான், மைசூர்ப் பக்கம் ஏதாவது ஜமீனுக்குப் போயிருக்கும், பேரை மாற்றி மறுபடி ஓட விடுவார்கள், பிடிபட்டால் கையெழுத்துப் போட்டவன் தலை உருளும். நடுவட்டத்தில் ரோட்டோரம் சின்னராசுவின் மச்சான் ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தான். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கடைக்குப் பின்னால், முதுகில் இரண்டு பக்கமும் அரிசி மூட்டை தொங்க, நனைந்துகொண்டு நின்றாள் அம்மணி. தோட்டத்து லயன் வீடுகளுக்குச் சாமான் ஏற்றிப் போகிற வேலை. மூட்டைக் கயிறு உரசி முதுகில் புண்.

கடைக்குள்ளிருந்து சின்னராசு வந்தான். என்னைப் பார்த்ததும் ஓடவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

“எத்தனைக்கு வித்தே?”

“விக்கலீங்க பாய்.”

“பின்னே சும்மா குடுத்தியா? கோப்பை வாங்கின குதிரைய மூட்டை சுமக்க வெச்சிருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல? அந்தத் துரை சுடச் சொன்னது எவ்வளவோ மேல்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டே பேசினான். நான் கேட்டதிலேயே அவன் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

“தொர துப்பாக்கிய நெத்திக்கு நேரா வெச்சாருங்க. தெனமும் வெல்லம் குடுக்கற கை பாருங்க, அம்மணி வெல்லம்னு நெனச்சு மோந்துச்சு. தொரைக்குக் கை நடுங்கிப் போச்சு. எங்கையில குடுத்துட்டு, நீயே பண்ணுன்னு காருக்குப் போயிட்டாரு. சத்தம் கேக்கற வரைக்கும் நின்னாரு, அப்புறம் வண்டிய எடுத்துட்டாரு. திரும்பிக்கூடப் பாக்கலீங்க. நான் மண்ணுலதான் சுட்டேன். நம்பர் தேயிலைப் பெட்டித் தகரப் பட்டைய வளைச்சு, நெருப்புல காய்ச்சி, நானே போட்டது. உங்க பொட்டிய நான் தொடலீங்க.”

“முதுகைப் பாத்தியா? புண்ணு.”

“பாத்தேனுங்க. புண்ணு ஆறுமுங்க பாய். குண்டு பட்டா ஆறுமுங்களா?”

எனக்குக் கோபம்தான் வந்தது. நாளை ஆபீசில் நான் வாயைத் திறந்தால் இவனுக்குத் திருட்டுக் கேசு, இவளுக்கு டாக்டர் துரையின் குண்டு. அவர் கை நடுங்காது. திறக்காவிட்டால், நானும் இவர்களோடு சேர்ந்த திருடன். இவன் புத்திக்கு என் பிழைப்பை ஏன் பணயம் வைக்க வேண்டும்? சாட்சிக்கு அந்த நிஜக் குளம்பைப் பார்த்துக்கொண்டு போய்விடலாம் என்று அவள் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

கை வைப்பதற்கு முன்பே வலது காலைத் தூக்கிக் கொடுத்தாள்.

குளம்பு என் மடியில் இருந்தது. என் ஏழு ஆணி, என் நாற்பத்தொன்று, நாலில் மூளி. மழையில் அப்படியே குனிந்து நின்றேன். எனக்கு அழுகை வந்தது. நான் அழுகிற ஆள் இல்லை. அவள் நிலைமையைவிட, என்னை நம்பி இன்னும் ஒரு உயிர் காலைக் கொடுக்கிறதே என்பதுதான் காரணம்.

“அரம் இருக்கா?” என்று கேட்டேன். மச்சான் கடையில் மரம் ராவுகிற அரம்தான் இருந்தது. அதை வைத்து நம்பரை ராவி எடுத்தேன். தூள் நனைந்த மண்ணில் விழுந்தது. மூட்டைக்குக் கீழே கம்பளியை எப்படி மடித்துப் போட்டால் கயிறு உரசாது என்று காட்டிக் கொடுத்தேன். பிறகு பஸ்ஸுக்கு ரோட்டோரம் வந்து நின்றேன்.

வியாழக்கிழமை காலை சுத்தம் செய்த குளம்பை மேசைமேல் வைத்தேன். துரை பேனாவை நீட்டினார்.

“அம்மணி?”

“ஆமாங்க சார்.”

“நீ பாத்தியா? கேட்டியா?”

“பாத்தேன் சார்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

துரை குளம்பைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பென்சில் முனையால் ஒவ்வொரு துளையாகத் தொட்டுக்கொண்டே வந்தார். வெளிப்பக்கம் நாலு. உள்பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் பென்சில் நின்றது.

“எத்தனை, காசிம்?”

“எட்டு சார்.”

“சட்டம்?”

“ஏழு சார். போன தடவை தப்பா அடிச்சுட்டேன். என் தப்பு.”

லாயம் முழுக்கக் கேட்கிற மாதிரி அதைச் சொல்ல வேண்டியிருந்தது, அவருக்கு ஒரு காது மந்தம். வெளியே குதிரைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். துரை குளம்பை மேசைமேல் வைத்தார். பிறகு கையை நீட்டினார். நான் அரைஞாண் கயிற்றை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தேன். எத்தனை ஆணி அடித்தோம் என்று தெரியாதவன் கையில் நம்பர் இரும்பு இருக்கக் கூடாது என்றார். அன்று மாலையே பெட்டி எனக்குக் கீழே வேலை பார்த்தவனிடம் போயிற்று. அடுத்த வாரத்துக்குள் நான் எட்டாணி பாய் ஆகிவிட்டேன். வேலை போகவில்லை. ஆனால் ஓய்வு பெறுகிறவரை, நான் லாடம் அடித்த குதிரையை இன்னொருத்தன் வந்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் விடுவான். அது வலித்தது. இப்போதும் வலிக்கிறது.

துரைக்குத் தெரியுமா? எனக்கு இன்றுவரை சந்தேகம். கொள்ளை மோந்து பார்க்கிற மனிதர், புல்வெளியில் அம்மணியைப் புதைத்ததாகச் சொன்ன குழியைத் தோண்டிப் பார்க்க ஆள் அனுப்பவில்லை. மடிப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாதா? அடுத்த மாதம் நான் லீவு கேட்டுப் போனபோது எதற்கென்று கேட்காமல் கையெழுத்துப் போட்டார். எல்லோரிடமும் கேட்பார், என்னிடம் மட்டும் கேட்கவில்லை. தெரிந்தும் விட்டாரா, அல்லது என்னை ஒரு ஆளாகவே மதிப்பதை விட்டுவிட்டாரா என்று யோசித்து யோசித்து என் தலை நரைத்தது. கப்பலேறும்போதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடுவட்டம் போய் அம்மணிக்கு லாடம் மாற்றினேன். மனைவி சும்மா இருப்பாளா? “நடுவட்டத்துல யாரு இருக்கா?” என்று ஆரம்பித்தாள். தெரிந்தவர் என்றேன். “ஆம்பளையா, பொம்பளையா?” நான் வாயை மூடிக்கொண்டேன். அவளிடம் பொய் சொல்ல வராததால் மாட்டிக்கொண்டேன். சட்டையை மோந்து பார்த்தாள், குதிரை நாற்றம்தான் அடித்தது, அது எப்போதும் அடிப்பதுதான். பதினோரு வருடம் எங்கள் வீட்டில் நடுவட்டம் என்ற பேச்சு வந்தாலே பாத்திரம் சத்தமாக விழும்.

அம்மணி நல்லபடியாக இருந்தாள் என்று சொல்லமாட்டேன். மூட்டை சுமந்தாள், மழையில் நனைந்தாள், கிழடானாள். குண்டு மேலா, மூட்டை மேலா என்று என்னைக் கேட்டால் இன்றும் தெரியாது. ஒவ்வொரு முறையும் காலைத் தூக்கிக் கொடுத்தாள் என்பது மட்டும் தெரியும்.

ஒரு நாள் மத்தியானம் சின்னராசு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவன் தலையும் நரைத்திருந்தது. கையில் சாக்கில் சுற்றிய ஒரு மூட்டை.

“முந்தாநாளு படுத்தாளுங்க, எந்திரிக்கல. ஆபீசுல குடுக்கோணுமுங்களே பாய். உத்தரவு உத்தரவுதானுங்க.”

ஆபீசில் வாங்க யார் இருக்கிறார்கள்? பேரேட்டில் அவள் பெயரை அடித்துப் பதினோரு வருடம். சாக்கைப் பிரித்தேன். பழைய புத்தி, அப்போதும் எனக்குச் சந்தேகம்தான். வெளியே நாலு, உள்ளே மூன்று. திருப்பி வைத்து மறுபடி எண்ணினேன். ஏழு. சின்னராசு அன்றைக்குத்தான் அழுதான்.

உள்ளேயிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். குளம்பை எடுத்துப் போய் அவள் முன்னால் வைத்தேன்.

“நீ கேட்டுக்கிட்டே இருந்தியே, நடுவட்டத்துல யாருன்னு. இவதான்.”

எல்லாவற்றையும் சொன்னேன். மைக்கூடு கேட்ட அந்தத் துரைசாணி சீமையில் எந்த வீட்டு மேசையிலோ வெள்ளி மூடி போட்டு, கோப்பை வாங்கின குதிரை என்று ஜட்காக் குதிரையின் காலைக் காட்டிக்கொண்டிருப்பாள் என்பதையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. குளம்பை மடியில் வைத்து, விரலால் ஒவ்வொரு துளையாகத் தொட்டு எண்ணினாள். முந்தானையால் துடைத்தாள். கூடத்து அலமாரியில், வருகிறவர் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தாள்.

“உங்கள எட்டாணின்னு கூப்புடறவங்களை எல்லாம் நம்ம ஊட்டுக்கு வந்து எண்ணிப் பாக்கச் சொல்லுங்க” என்றாள்.